செவ்வாய் இல்லாத குற்றம்

பெயரில் சிவப்பு உள்ள, எல்லாருக்கும் தெரிந்த பத்துப் பொருள்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னார் சாலமோன் வாத்தியார். எழுதினால் மட்டும் போதாது. அந்தப் பொருள் உண்மையிலேயே சிவப்புதானா என்று நேரில் பார்த்த ஒருவரிடம் விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "கேள்விப்பட்டேன், சொல்லிக்கிடுதாவ, அப்படின்னு எவனாவது எழுதினா நோட்டைக் கிழிச்சிருவேன்" என்றார்.

பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் மாலை ஏழு மணிக்கு அவர் நடத்தும் வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். எல்லாருக்கும் பகலில் வேலை உண்டு. நான் ஒரு வக்கீலிடம் நகல் எழுதும் குமாஸ்தா. என் பக்கத்தில் உட்காரும் அலி அக்பர் மேலப்பாளையத்தில் ஒரு கைலி வியாபாரியிடம் கடிதம் எழுதுகிறவன். நடந்தது 1909 செப்டம்பர். எங்கள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1085 புரட்டாசி. தேதியை இரண்டு விதமாகவும் எழுதுவது என் தொழிலால் வந்த பழக்கம். இந்தக் கதைக்கும் அது தேவைப்படும்.

முதலில் செங்கடல். அலி அக்பரின் பெரியவாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது அந்தக் கடலைக் கப்பலில் கடந்தவர். "நீலம்னு சொன்னாரு, எழுதிக்கோ" என்றான் அலி அக்பர். அது கேள்விச் சாட்சியம் அல்லவா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையத்துக்கு நடந்துபோய்ப் பெரியவரிடமே கேட்டேன். "நீலம்னு அன்னைக்கே சொன்னேனே, இதைக் கேக்கவா வெயில்ல வந்தீரு?" என்றார். அடுத்தது செம்மறியாடு. குளத்துக்கரையில் ஒரு மந்தையை நிறுத்தி நூறு ஆடுவரை எண்ணினேன். வெள்ளை, கறுப்பு, பழுப்பு. சிவப்பு ஒன்றும் இல்லை. மேய்ப்பவன் என்னை ஆட்டு வியாபாரி என்று நினைத்து விலை சொல்ல ஆரம்பித்தான். செஞ்சந்தனம் சரிதான், உரைத்துப் பார்த்தேன். செங்கோட்டைக்கு நானே சாட்சி. ஆவணியில் மாப்பிள்ளை வீடு பார்க்க அங்கே போயிருந்தேன். மண் சிவப்பு, கோட்டையைப் பற்றி விசாரிக்க அன்று நேரம் இல்லை என்று உள்ளபடியே எழுதினேன். திருச்செந்தூரைச் சேர்க்கலாமா கூடாதா என்று நான்கு நாள் யோசித்து, ஒரு கேள்விக்குறியோடு சேர்த்தேன்.

ஆறாவது செவ்வாய்.

அதற்கு யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. வாத்தியாரே வகுப்பை முற்றத்துக்கு அழைத்துப்போய்க் கிழக்கே காட்டினார். அந்த மாதம் அது பூமிக்கு மிகவும் அருகில் வந்திருக்கிறது என்றார். சாம்பல் தட்டாத கங்குபோல இருந்தது. பெயரும் நிறமும் ஒத்துப்போன பொருள் கடைசியில் ஒன்று கிடைத்ததே என்று எல்லாரும் சந்தோஷமாக உள்ளே போய் ஒரு வாக்கியம் எழுதி முடித்தார்கள். நான் எழுதவில்லை. செவ்வாயைப் பற்றி ஒரே வாக்கியத்தில் எழுத எங்கள் வீட்டில் யாராலும் முடியாது.

என் தங்கை நீலாம்பாளின் ஜாதகத்தில் இலக்கினத்துக்குப் பன்னிரண்டாம் இடத்தில் செவ்வாய். அது தோஷம். அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டுகிறவன் சீக்கிரம் செத்துப்போவான் என்பார்கள். அவனுக்கும் அதே தோஷம் இருந்தால் மட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், பயமில்லை. மூன்று வருஷத்தில் ஒன்பது வீட்டிலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது. பத்தாவதாகச் செங்கோட்டையில் திருஞானசம்பந்தம் பிள்ளை மகன் கைலாசம் கிடைத்தார். பள்ளிக்கூட உபாத்தியாயர். அவருக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய். அவர்களும் நான்கு வருஷமாகச் செவ்வாய் உள்ள பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றியாயிற்று. தை மாதம் கல்யாணம்.

ஆகவே வாக்கியத்துக்கு ஆதாரம் எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. மறுநாள் நீலாவின் ஜாதகத்தை எடுத்து நோட்டில் நகல் எழுதினேன். நகல் எழுதுகிறவன் பொருளைப் பார்க்கக் கூடாது, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பார் எங்கள் பெரிய குமாஸ்தா. நான் பொருளைப் பார்த்துவிட்டேன். 'பௌர்ணமி திதி, சதய நட்சத்திரம்' என்று இருந்தது.

அம்மா முறத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீலா என்னைக்குப் பொறந்தா?"

"பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், சனிக்கிழமை காலையில. முந்தின நாள் கொழுக்கட்டையை எறக்கி வைக்கும்போதே எனக்கு இடுப்பு வலி கண்டுட்டு. ஏன் கேக்க?"

"சாதகத்துல பௌர்ணமின்னுல்லா இருக்கு?"

"இருக்கும். நட்சத்திரமும் சதயம்னு இருக்கும். அவ சித்திரை. ஒம்பது வருசமா நானும் சொல்லுதேன். கண்ணனூர் சோசியனைவிட நீ பெரிய ஆளான்னு கேட்டாவ உங்கப்பா. அதுக்கு அப்புறம் நான் வாயைத் தொறக்கல. வருசா வருசம் சித்திரை அன்னைக்கு அவ தலையில எண்ணெய் வச்சு, அவ பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்துருதேன்."

பிள்ளையார் சதுர்த்தி எப்போதும் அமாவாசைக்கு நாலாம் நாள். அதற்கு மறுநாள் எப்படிப் பௌர்ணமி வரும்? இதைக் கேட்க எவனும் மாலை வகுப்புக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாக அந்தக் காகிதத்தை எங்கள் வீட்டு ஆண்கள் பத்துத் தடவையாவது விரித்துப் படித்திருப்போம், என்னையும் சேர்த்து.

அது முதலில் எழுதிய ஜாதகம் அல்ல. பிறந்தபோது எழுதிய ஓலையைக் கரையான் தின்றுவிட்டது. அப்பா அப்போது மலையாளத்தில், கண்ணனூரில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கையில் இருந்த குறிப்பை அங்கேயே ஒரு ஜோசியரிடம் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கித் தபாலில் அனுப்பினார். அந்தக் குறிப்பும் ஜாதகத்தோடு ஒட்டியிருந்தது. 'கொல்லம் 1068 ஆவணி 12. உதயத்துக்கு மேல் ஐந்து நாழிகை.' அவ்வளவுதான்.

எங்கள் வக்கீல் ஆபீசில் பழைய பத்திரங்களின் தேதியைச் சரிபார்க்க நாற்பது வருஷத்துப் பஞ்சாங்கங்கள் அடுக்கியிருக்கும். மத்தியானம் சாப்பிடாமல் தேடினேன். எங்கள் கணக்கில் 1068 ஆவணி 12 என்பது 1892-ஆம் வருஷம் ஆகஸ்டு 27. பஞ்சமி, சித்திரை, சனிக்கிழமை. அம்மா சொன்னது ஒன்றும் தப்பில்லை. செவ்வாய் அன்றைக்கு மகரத்தில் இருந்தது. நீலாவின் கன்னி இலக்கினத்துக்கு அது ஐந்தாம் இடம். தோஷம் கிடையாது. அடுத்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். அதில் ஆவணி 12 பௌர்ணமி, சதயம். செவ்வாய் சிம்மத்தில், பன்னிரண்டாம் இடத்தில். ஜோசியர் எழுதியது அந்த நாளைத்தான். ஒரு வருஷம் தள்ளி எழுதியிருக்கிறார். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் கூட்டிப் பார்த்தேன்.

ஏன் தள்ளினார் என்பதுதான் புரியவில்லை. அன்று மாலை அலி அக்பரிடம் கேட்டேன், வீட்டு விஷயம் என்று சொல்லாமல்.

"கண்ணனூரா? அங்கன வருசம் பொறக்கதே புரட்டாசியிலதான், கன்னி மாசம்னு சொல்லுவாங்க" என்றான். "நமக்கு ஆவணி ஒண்ணுல புது வருசம். அவங்களுக்கு ஒரு மாசம் கழிச்சு. ஆவணி மாசம் அங்கேருந்து வர்ற கடுதாசியில எல்லாம் பழைய வருசத்தைப் போட்டிருப்பாங்க. எங்க மொதலாளி வருசந்தோறும் அந்த ஒரு மாசம் பூரா ஏசிக்கிட்டே இருப்பாரு."

முடிந்தது. 1068 ஆவணி என்றால் எங்களுக்கு அந்த ஆண்டின் முதல் மாதம், அவர்களுக்குக் கடைசி மாதம். நடுவில் ஒரு முழு வருஷம். அந்த ஒரு வருஷத்தில்தான் செவ்வாய் போய்ப் பன்னிரண்டாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தெரு முக்கு திரும்பும்போதுதான் உறைத்தது. நீலாவுக்குத் தோஷம் இல்லை. கைலாசத்துக்கு உண்டு. அப்படியானால் அடித்துக்கொண்டு போக எதிரே ஒன்றும் இல்லை. சாகப்போவது பெண். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், வாத்தியாரோடு முற்றத்தில் நிற்கும்போது இல்லை. வீட்டு வாசலை நெருங்க நெருங்க வந்துவிட்டது.

அப்பாவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணனூரில் எட்டு வருஷம் இருந்தவர். விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கன்னி மாசக் கணக்கைப் போட்டுட்டான் பாவி" என்றார் மெதுவாக. காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு, "ஏலே, இதை யார்ட்டல்லாம் சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல."

"சொல்லாத. மூணு வருசமாச் செவ்வாய் இருக்குன்னு ஒம்பது பேரு மூஞ்சியத் திருப்பிட்டுப் போனான். செவ்வாய்தான் வேணும்னு ஒருத்தன் வந்திருக்கான். இப்பம் வந்து செவ்வாய் இல்லங்க. உனக்கு வேற சோலி இல்லையா? வகுப்புக்குப் போறேன், வகுப்புக்குப் போறேன்னு போயி இதையால படிச்ச?"

"உண்மை அதானேப்பா."

"உண்மைன்னா பதினாறு வயசுக்காரிக்குப் பதினேழு ஆயிட்டுல்லா? அதையும் எழுதி வாசல்ல ஒட்டு!"

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். கையில் கரண்டி இருந்தது. "நான் சொன்னேனா இல்லையா?" என்றாள். அப்பா மடித்த காகிதத்தை மறுபடி விரித்தார். "சொன்னேனா இல்லையா? பிள்ளையார் சதுர்த்தின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" ஒன்பது வருஷத்துக் கோபத்தையும் அம்மா அரை நாழிகையில் தீர்த்துக்கொண்டாள். தீர்ந்த பிறகுதான் அவளுக்கும் அந்த இன்னொன்று உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பம் அந்தப் பையனுக்குக் கொடுத்தா எம்பிள்ள செத்துருவாளே. இந்தக் கல்யாணம் வேண்டாம். தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுங்க."

"தாம்பூலத்தைத் திருப்பினா நாளைக்கு எவன்ளா வாசப்படி ஏறுவான்?"

"எவனும் ஏறாண்டாம். எம்பிள்ள உசிரோட இருக்கட்டும்."

நீலா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "பேருலயும் நீலம், சாதகத்துலயும் செவப்பு இல்லன்னு கண்டுபிடிச்சாச்சு. ரெம்ப நல்லது. அந்தக் காயிதத்தை அடுப்புல போடு அண்ணே" என்றாள்.

"நீலா, உன் நல்லதுக்குத்தான்..."

"இருக்குன்னு ஒம்பது வீடு வேண்டாம்னாவ. இப்பம் இல்லன்னு பத்தாவது வீடும் வேண்டாம்னு சொல்லணுமா? இருந்தாலும் குத்தம், இல்லாட்டாலும் குத்தம்னா நான் எதை வச்சிக்கிடணும், நீயே சொல்லு."

நான் அப்பா கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

"ஒம்பது பேரு வீட்டுலயும் சாதகத்தைத்தான் பாத்தாவ. இந்த வீட்டுக்கு நேர்ல வந்து என்னைப் பாத்தது அவிய ஒருத்தருதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அவரைப் பற்றி வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லாரும் என்னோடு மட்டும் பேசினார்கள். ஆவுடை, உங்கம்மாட்டச் சொல்லு, ஆவுடை, உங்கப்பாட்டச் சொல்லு என்று என்னை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். அம்மா ஒரு வேளைதான் சாப்பிட்டாள். நான் எழுதிய காகிதத்தை நீலா இரண்டு தடவை பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். நான் இரண்டு தடவையும் மறுபடி எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம். அதுவும் தெரிந்துதான் எழுதினேன்.

இதற்கு நடுவில் சாலமோன் வாத்தியார் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "லே ஆவுடைநாயகம், செவ்வாய்க்கு ஒரு வாக்கியம் கேட்டேன். நீ பதினோரு பக்கம் எழுதியிருக்க. அதுல செவ்வாய் என்ன நிறம்னு எங்கயும் இல்லையே வே!"

பத்தாம் நாள் அம்மா முடிவாகச் சொன்னாள். "ஒண்ணு நீ செங்கோட்டைக்குப் போயிச் சொல்லிட்டு வா. இல்லாட்டா நான் போறேன்." செவ்வாய்க்கிழமை புறப்படக் கூடாது என்றும் சொன்னாள். நான் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்றேன். அப்பாவிடம் சொல்லாமல் திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கிளம்பும்போது நீலா கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "சொல்லத்தான் போறேன்னா அவிய அப்பாட்ட மட்டும் சொல்லிட்டு வந்துராத. அவியட்டயும் சொல்லு" என்றாள். ஆழ்வார்குறிச்சி தாண்டும்வரை, திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து நின்றேன்.

திருஞானசம்பந்தம் பிள்ளை வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் இருந்தார். முழுக்கச் செவ்வாழை. குலை தள்ளிய மரங்களுக்கு அவரே கம்பு ஊன்றி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைலாசமும் மண்வெட்டியோடு அங்கேதான் நின்றார். "வாரும் தம்பி, வாரும்" என்று பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். சொல்லி முடிக்கும்போது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என்னது? பொண்ணுக்குச் செவ்வாய் இல்லையா?"

"இல்லை மாமா."

"இருக்குன்னு சொல்லித்தானவே தாம்பூலம் மாத்தினோம்? நாலு பேருக்கு முன்னால உங்கப்பா சாதகத்தைக் கொடுத்தாரே! குறை இருக்குன்னு சொல்லி, குறை இல்லாத பொண்ணை எங்க தலையில கட்டப் பாத்தேளா? இப்படி ஒரு ஏமாத்து நான் கேள்விப்பட்டதே இல்ல!"

"ஏமாத்தணும்னு இல்ல மாமா. கண்ணனூர்ல வருசம் புரட்டாசியில..."

"கண்ணனூர்ல எப்பம் பொறந்தா எனக்கென்ன? நான் திருவிதாங்கூர் ராஜாவுக்கு வரி கட்டுதவன். எனக்கு ஆவணியிலதான் வருசம் பொறக்கும்!"

"அதைத்தான் மாமா நானும் சொல்லுதேன். நமக்கு ஆவணியில..."

"நீரு ஒண்ணும் சொல்லாண்டாம்."

கைலாசம் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். "அந்தக் காயிதத்தைக் கொடுங்க தம்பி" என்றார். முழுவதையும் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு தேதியில் நான் 27-க்குப் பதில் 26 என்று எழுதியிருந்ததைக் காட்டினார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. பென்சிலால் திருத்திக் கொடுத்தார். "மத்ததெல்லாம் சரிதான்பா" என்றார் தகப்பனாரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "அவ என்ன சொன்னா?" என்றார்.

"அந்தக் காயிதத்தை அடுப்புல போடச் சொன்னா."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பெரியவருக்கு மட்டும் வரவில்லை.

"சிரிக்காதலே. உன் செவ்வாய்க்கு எதிர்ச் செவ்வாய் வேணும். இல்லன்னா இந்தக் கல்யாணம் இல்ல. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையில்லா காறித் துப்பும்."

"அதுக்கு ஒரு வழி இருக்குல்லாப்பா. வாழைக்குத் தாலி கட்டிருதேன்."

இது எங்கள் பக்கத்திலும் உண்டு. தோஷம் உள்ளவன் முதலில் ஒரு வாழைமரத்துக்குத் தாலி கட்டுவான். உடனே மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். தோஷம் தாக்க வேண்டிய மனைவியைத் தாக்கியாயிற்று. அதற்குப் பின் கட்டுகிற பெண்ணுக்குப் பயமில்லை. ஆனால் வெளியே சொல்ல எல்லாரும் கூசுவார்கள். ஊர்க் கணக்கில் அவன் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்.

பெரியவர் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார். "நாலு வருசமா அதைத்தானலே நான் வேண்டாம்னு சொல்லுதேன். எம்பிள்ள தாரமிழந்தவனா? ஒத்த மகன். அவனுக்கு ரெண்டாங் கல்யாணம்னு நான் பந்தல் போடணுமா?"

"மொதக் கல்யாணத்துக்கே நாலு வருசமாப் பந்தல் போட முடியலையேப்பா."

"வாயாடாத."

"சொல்லுங்க. வேற வழி இருந்தாச் சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

பெரியவர் வேறு வழியைத் தேடுகிறவர்போலத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கைலாசம் அதற்குள் மரங்களுக்குள்ளே போய் ஒன்றின்மேல் கை வைத்தார். நல்ல உயரமான மரம். தண்டு கருஞ்சிவப்பில் பளபளத்தது.

"லே, லே, கையை எடு! அது செவ்வாழைலே! பதினாலு மாசம் தண்ணி ஊத்தி வளத்தது, இன்னும் மூணு நாலு மாசத்துல குலை தள்ளிரும். கெணத்தடியில நாட்டு வாழை ஒண்ணு சொங்கிப்போய் நிக்குது, அதுக்குக் கட்டு."

"வெட்டப்போற பொண்ணுதானேன்னு மட்டமாப் பாக்கச் சொல்லுதியளா?"

"பாத்தீரா தம்பி, பாத்தீரா இவன் பேச்சை!" என்று பெரியவர் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். வாழைக்குத் தாலி கட்டலாமா என்ற சண்டை, எந்த வாழைக்குக் கட்டலாம் என்ற சண்டையாக எந்த இடத்தில் மாறியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் தாம் சம்மதித்துவிட்டதைக் கண்டுபிடித்தார். உடனே ஒரு நிபந்தனை போட்டார். "பொண்ணு வீட்டுக்காரங்க வாயால சொல்லணும். ரெண்டாந் தாரமாப் போறதுக்குச் சம்மதம்னு. பின்னால ஒரு பேச்சு வரப்பிடாது."

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பாவுக்கு நான் போனதே அப்போதுதான் தெரியும். "சொல்லாதன்னு சொன்னேன்லா? சொல்லாதன்னு சொன்னேன்லா?" என்று ஆறேழு தடவை கேட்டார். பிறகு, "ரெண்டாந் தாரமா! பூதலிங்கம் பிள்ளை மக ரெண்டாந் தாரமா!" என்று ஆரம்பித்தார். செங்கோட்டையில் கேட்ட அதே குரல், அதே வார்த்தைகள். இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள்போல இருந்தது. அம்மாவுக்கு வேறு சந்தேகம். மரத்தை வெட்டினால் தோஷம் முழுக்கப் போய்விடுமா, இல்லை கொஞ்சம் மிச்சம் இருக்குமா என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு மரம், எவ்வளவு தோஷம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை.

"நீலாட்டக் கேளுங்களேன்" என்றேன். சொன்ன பிறகுதான், இத்தனை நாளில் அதை யாரும் செய்யவில்லை என்று தோன்றியது.

அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவோரம்தான் நின்றாள்.

"எந்த மரம்னு சொன்ன அண்ணே?"

"செவ்வாழை."

"மாமா கொடுத்துட்டாவளா?"

"கொடுக்கல. அத்தான் விடல."

நீலா அம்மா பக்கம் திரும்பினாள். "மூத்தா வாழைமரம்னா எனக்கு என்னம்மா? சக்களத்திச் சண்டைக்கா வரப்போறா? சம்மதம்னு எழுதிப் போடுங்க" என்றாள். அப்பா வாயைத் திறந்தார். அவள் விடவில்லை. "ஆனா ஒண்ணுப்பா. என் சாதகத்தை முதல்ல இருந்து எழுதணும். சித்திரைன்னு எழுதணும். பதினேழு வயசுன்னு எழுதணும். அதைத்தான் செங்கோட்டைக்கு அனுப்பணும். இனிமே எவனும் கண்டுபிடிக்கதுக்கு என்ட்ட ஒண்ணும் மிச்சம் இருக்கப்பிடாது."

"பதினேழா? அதை மட்டும் விட்டுட்டு..."

"பதினேழு" என்றாள் அம்மா, கரண்டியைக் கீழே வைக்காமல். அப்பா எழுந்து மேஜையில் மைக்கூட்டைத் தேடினார். அம்மா அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டாள்.

தை மாதம் முகூர்த்தத்துக்கு முந்தின நாள், பெண் வீட்டுச் சாட்சியாக என்னைச் செங்கோட்டைக்கு அனுப்பினார்கள். மரத்தைக் குளிப்பாட்டி, சிவப்புக் கரை போட்ட சின்னப் புடவை ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். கைலாசம் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். கூலிக்காரன் ஒருவன் அரிவாளோடு வந்து ஒரே வெட்டில் சாய்த்தான். கைலாசம் வாய்க்காலில் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரோடு நானும் மத்தியான ரயிலில் ஏறினேன்.

சாயங்காலம் வீட்டில் பந்தலும் சத்தமுமாக இருந்தது. நீலாவை மனையில் உட்கார்த்தி, கையில் மருதாணி அப்பியிருந்தார்கள். பெண்கள் கொஞ்சம் நகர்ந்த நேரம் பார்த்து என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

"மரத்தை வெட்டும்போது அவிய அழுதாவளா?"

"இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?"

"அவர் அழல. மாமாதான் துண்டை வாயில வச்சிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாரு. ரெண்டு நாளுல குலை தள்ளியிருக்குமாம்."

நீலா மருதாணிக் கையை மேலே தூக்கிக்கொண்டு, அது கலையாதபடி குனிந்து சிரித்தாள். அம்மா ஓடிவந்து, மணப்பெண் பல்லைக் காட்டக் கூடாது என்று என்னை ஏசி வெளியே அனுப்பினாள்.